கம்மாக்கரையில் யார் நடப்பது?

ஊருக்கு ஊர் நகராட்சிகளுக்குப் புதுசாக ஒரு ஆசை வந்திருக்கிறது. குளத்தைச் சுற்றியும் கண்மாய்க் கரை மேலும் நடைபாதை போடுகிற ஆசை. பேவர் பிளாக் கல், கம்பி வேலி, விளக்குக் கம்பம், சிமெண்ட் பெஞ்சு, கை காலை ஆட்ட நாலு இரும்புக் கருவி, ஊர்ப் பெயரை ஆளுயர எழுத்தில் நிறுத்தி செல்பி எடுக்க ஒரு மூலை. நகரங்களுக்கான அம்ருத் திட்டம் 2015-ல் வந்தது. 2021-ல் வந்த அதன் இரண்டாம் கட்டத்தில் நீர்நிலைகளைச் சீரமைப்பதும் ஒரு வேலை. 2023 நவம்பர் 4-ல் தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒரு எட்டு கிலோமீட்டர் பாதையைத் தொடங்கி வைத்தது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் டீக்கடையில் உட்கார்ந்தால் இந்தப் பேச்சு காதில் விழுகிறது. "நம்ம கம்மாயவும் இப்படி ஆக்கிப்புட்டா எப்படி இருக்கும்ணே!"

ஆக்கட்டும். இதை எழுதுகிற நான் நடைபாதைக்கு எதிரி இல்லை. சர்க்கரை நோய் பணக்கார நோய் என்று இன்னும் சில தோழர்கள் பேசுகிறார்கள். அது பழைய கதை. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருக்கிறதென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் சொன்னது. ரேஷன் அரிசியே மூணு வேளையும் என்று ஆகிப்போன நம் தெருக்களில் வீட்டுக்கு வீடு சுகர் மாத்திரை இருக்கிறது. மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்த்து உடம்பு கெட்டவர்கள் இருக்கிறார்கள். வாரத்துக்கு 150 நிமிசமாவது வேகமாக நடக்கணும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது நம் சனங்களுக்கும் சேர்த்துத்தான்.

ஆக, பாதை வேண்டும். கேட்க வேண்டியது இதுதான்: அந்தக் கரையில் யார் நடப்பது? யாரை நகர்த்திவிட்டு நடப்பது?

முதலில் கண்மாய் யாருடைய உழைப்பு என்று பார்ப்போம். மேற்கு மலையில் பெய்கிற மழை ராஜபாளையம் பக்கம் அய்யனார் கோயில் ஆறு, முடங்கியாறு என்று இறங்குகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் செண்பகத்தோப்பு ஓடைகளாக இறங்குகிறது. ஒரு கண்மாயின் மறுகால் அடுத்த கண்மாய்க்கு வரத்து. இப்படிச் சங்கிலி போட்டுத்தான் இந்த வறண்ட பூமியில் நெல் விளைந்தது. வரத்துக்கால், உள்வாய், கரை, மடை, கலுங்கு என்று இதில் ஒவ்வொன்றுக்கும் பராமரிப்பு உண்டு. அந்தப் பராமரிப்பைச் செய்தவர்களுக்கு நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடையர் என்று பெயர். தென்மாவட்டங்களில் பெரும்பாலும் அவர்கள் நம் ஆட்கள். ராத்திரி மழையில் கரை மேல் அரிக்கேன் விளக்கோடு நடந்தவர்கள். கரை கசிந்தால் மண் வெட்டிப் போட்டவர்கள். முங்கிப்போய் மடை திறந்தவர்கள். 'மடையன்' என்ற தொழில் பெயர் இன்று வசவு போலவே காதில் விழுகிறதே, அது ஒன்று போதும், இந்தச் சமூகம் உழைப்பை எங்கே வைத்தது என்று சொல்ல.

ராமநாதபுரம், சிவகங்கைச் சீமையின் கண்மாய்களை ஆராய்ந்த டேவிட் மோஸ் என்ற மானுடவியலாளர் 2003-ல் ஒரு நூல் வெளியிட்டார். கண்மாய் என்பது தண்ணீர் மட்டும் இல்லை, அதிகாரமும் மரியாதையும் சேர்த்தே அதில் தேங்கி நிற்கிறது என்பது அதன் சாரம். யாருக்கு முதல் தண்ணீர், மீன் குத்தகை யாருக்கு, கருவேல மரம் ஏலம் யாருக்கு, கம்மாய்ச் சாமிக்கு முதல் மரியாதை யாருக்கு? கரையைக் காத்தவனுக்கு இதில் எதுவும் இல்லை. களத்தில் அளந்து போட்ட கொஞ்சம் நெல்தான் அவனுக்கு. அவன் வீடு கரைக்குக் கீழே பள்ளத்தில். கரை உடைந்தால் முதலில் மூழ்குவது அவன் குடிசை.

பின்னால் நூறு நாள் வேலை வந்தபோதும் கண்மாய்க்குள் இறங்கித் தூர் வாரியதில் பெரும்பங்கு நம் பெண்கள். வெயிலில் மண்சட்டி சுமந்து உள்வாய்க்கும் கரைக்குமாக அவர்கள் நடந்த நடையை எந்தக் கைக்கடிகாரமும் காலடி எண்ணிக் காட்டவில்லை. கரையில் இவ்வளவு காலம் நடந்தவர்கள் இவர்கள். இப்போது 'வாக்கிங்' என்று பெயர் வைத்ததும் கரை வேறு யாருக்கோ பட்டா ஆகிவிடுமா?

நடப்பது உடற்பயிற்சி ஆவதற்கு முன்னால் அது போராட்டமாக இருந்தது. மாணவத் தோழர்கள் இதை மறக்கக் கூடாது. 1924 மார்ச் 30-ல் வைக்கத்தில் தொடங்கிய சத்தியாகிரகம் எதற்காக? கோயிலுக்குள் போக அல்ல. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்க. நாயும் மாடும் நடக்கிற தெருவில் மனிதன் நடக்க. பெரியார் அதற்காகச் சிறை போனார். 1925 கடைசியில் நாலு தெருவில் மூன்றுதான் திறந்தது. அதே 1924-ல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலை, தெரு, பாதை, கிணறு, குளம் எல்லாவற்றிலும் தாழ்த்தப்பட்டோருக்கு உரிமை உண்டு என்று சொன்னது. அந்த ஆண்டே அது அரசாணையானது. 1938-ல் எம்.சி.ராஜா கொண்டுவந்த சமூகக் குறைபாடுகள் நீக்கச் சட்டம் அதை இன்னும் ஒரு படி ஏற்றியது.

மகத் எல்லோருக்கும் தெரியும். ஆனால் முழுசாகத் தெரியணும். மகத் நகராட்சி சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது 1924-ல். காகிதத்தில் திறந்த குளத்தில் மூன்று ஆண்டு யாரும் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20-ல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு ஊர்வலமாக நடந்து போய்த் தண்ணீரை அள்ளிக் குடித்தார். குடிக்காவிட்டால் செத்துப் போவோம் என்பதற்காகப் போகவில்லை, நாமும் மனுசர்கள் என்று நிறுவத்தான் போகிறோம் என்று அவர் பிறகு விளக்கினார். சாதி இந்துக்கள் என்ன செய்தார்கள்? சாணியும் மூத்திரமும் கலந்த பஞ்சகவ்வியத்தை 108 பானையில் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' பண்ணினார்கள். குளம் எங்கள் சொத்து என்று வழக்கும் போட்டார்கள். 1937-ல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் அது தோற்றது. நகராட்சித் தீர்மானம் 1924, தீர்ப்பு 1937. நடுவில் பதிமூன்று ஆண்டு. நகராட்சி தீர்மானம் போட்டதாலேயே பாதை திறந்துவிட்டது என்று நம்புகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

இந்த நினைவோடுதான் அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவின் 2-வது உட்பிரிவை வாசிக்கணும். அரசு நிதியில் பராமரிக்கப்படும், அல்லது பொதுமக்களுக்கென்று விடப்பட்ட கிணறுகள், குளங்கள், படித்துறைகள், சாலைகள், பொதுமக்கள் கூடும் இடங்கள் எதிலும் சாதி, மதம், பாலினம், பிறப்பிடம் பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது அது. குளம், சாலை, பொதுமக்கள் கூடும் இடம் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன? குளத்தைச் சுற்றிய நடைபாதை! 1950-லேயே அது நமக்கு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. தீண்டாமைக் குற்றங்களுக்கான 1955 சட்டத்தில் கோயில் தீர்த்தக் குளத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் குற்றம். ஆண்டாள் கோயில் திருமுக்குளமும் அதில் சேர்த்திதான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்த திருத்தம், ஊர்ப் பொதுச் சொத்து, குளம், படித்துறை, பாதை இவற்றைச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பதை வன்கொடுமை என்றே சொல்கிறது.

சட்டம் இருக்கிறது. ஊர் எப்படி இருக்கிறது? நம் மாவட்டத்துக்குப் பக்கத்தில், மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில், 1989-ல் எழுப்பிய சுவர் நம் சனங்களின் பாதையை மறித்து நின்றது. அதில் ஒரு பகுதியை இடித்துப் பாதை விட 2008 மே 6 வரை ஆனது. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குடிதண்ணீர்த் தொட்டிக்குள் மலத்தைக் கண்டெடுத்தார்கள். நம் விருதுநகர் மாவட்டத்துக்கே வருவோம். 1997-ல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது அரசு. ஒரு பெயருக்காக, அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று கிளம்பினார்கள். கலவரம், சாவு. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை அரசு எடுத்துவிட்டது. பஸ்ஸில் எழுதிய பெயரே தீட்டான ஊரில், கரையில் எதிரே நடந்து வருகிற ஆள் என்னாவான்?

நடைபாதையில் 'உள்ளே வராதே' என்று போர்டு இருக்காது. இந்தக் காலத்துத் தீண்டாமைக்குப் போர்டு தேவையில்லை. நான் பார்த்த ஒரு கரையைச் சொல்கிறேன், ஊர்ப் பெயர் வேண்டாம். விடியற்காலம் அய்ந்து மணிக்குக் கேட் திறக்கும். கேட் ஊர்த் தெரு பக்கம். சேரி இருக்கிற பக்கம் முழுக்கக் கம்பி வேலி. சேரியிலிருந்து கரைக்கு ஏற நூறடி. ஆனால் வேலி வந்த பிறகு ஊரைச் சுற்றிக்கொண்டு போகணும். நம் பையன்கள் நாலு பேர் சேர்ந்து ஓடினால், பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பெரியவர் கூப்பிடுவார். "தம்பி, எந்தத் தெரு?" எந்தத் தெரு என்றால் என்ன சாதி என்று அர்த்தம். போலீஸ் வேலைத் தேர்வுக்காக ஓடிப் பழகுகிற பிள்ளைகள் அவர்கள். ரெண்டு நாள் கழித்து, "கூட்டமா ஓடி வயசானவங்கள இடிக்கிறாங்க" என்று புகார் போகும். மூன்றாம் நாள் காவலாளி அந்தப் பையன்களை மட்டும் நிறுத்துவார். யாரும் யாரையும் சாதி சொல்லித் திட்டவில்லை. ஆனாலும் பையன்கள் பழையபடி பைபாஸ் ரோட்டு ஓரத்தில், லாரிக்கு நடுவில் ஓடுகிறார்கள்.

ஓடுகிறவனைப் பார்த்துச் சந்தேகப்படுவது நம் ஊர்ச் சரக்கு மட்டுமில்லை. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் 2020 பிப்ரவரி 23-ல் அகமத் ஆர்பரி என்ற 25 வயதுக் கறுப்பின இளைஞர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார். மூன்று வெள்ளைக்காரர்கள் வண்டியில் விரட்டி வந்தார்கள், அதில் ஒருவர் அவரைச் சுட்டுக் கொன்றார். திருடன் என்று நினைத்தோம் என்றார்கள். 2021-ல் மூவரும் கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. கறுப்புத் தோல் ஓடினால் திருட்டு, வெள்ளைத் தோல் ஓடினால் உடற்பயிற்சி. நம் ஊரில் தோலுக்குப் பதில் தெரு.

இனி, யாரை நகர்த்துவது என்ற விசயம். கரையை அழகாக்க வருகிற முதல் ஆள் சர்வேயர். அவர் கையில் 2007-ல் வந்த ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம். கண்மாய் காக்கப்படணும், அதில் நமக்கு ரெண்டாம் கருத்து இல்லை. ஆனால் சட்டம் யார் வீட்டு வாசலில் முதலில் நிற்கிறது? சென்னையில் வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடம். மதுரையில் உயர்நீதிமன்றக் கிளை எழும்பியது உலகனேரிக் கண்மாயில். அவை வளர்ச்சி. மறுகால் ஓரத்தில் ரெண்டு தலைமுறையாகக் குடிசை போட்டிருக்கிறவன் ஆக்கிரமிப்பாளன். 2022 மே மாதம் சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் பக்கிங்காம் கால்வாய்க் கரை வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்துச் செத்தார். கரையிலிருந்து பெயர்த்தவர்களைக் கொண்டுபோய்க் கொட்டிய கண்ணகி நகரும் பெரும்பாக்கமும் எங்கே இருக்கின்றன? வேலை செய்த இடத்திலிருந்து பல மைல் தூரத்தில், அதுவும் சதுப்பு நிலத்தை ஒட்டி!

உலகம் கொண்டாடுகிற பூங்காக்களின் அடியிலும் இப்படிப் புதைந்த சேரிகள் உண்டு. நியூயார்க் நகரத்து சென்ட்ரல் பார்க்கில் உலகமே ஓடுகிறது. அந்த நிலத்தில் 1825 முதல் செனகா கிராமம் என்று கறுப்பின மக்களின் ஊர் ஒன்று இருந்தது. ஓட்டுப் போட நிலம் வேண்டும் என்று விதி இருந்த காலத்தில் அவர்கள் சொந்தக் காசில் வாங்கிய மனைகள். 200 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். சர்ச்சும் பள்ளிக்கூடமும் இருந்தன. பூங்கா போட நகர நிர்வாகம் நிலத்தைக் கையகப்படுத்தி 1857-க்குள் எல்லோரையும் வெளியேற்றியது. அப்படி ஒரு ஊர் இருந்ததையே நூறு ஆண்டுக்கு மேல் நகரம் மறந்து போனது.

நம் பெண்களைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. சேரிப் பெண்களுக்குக் கம்மாக்கரை என்றால் விடியுமுன் இருட்டில் வெளிக்குப் போகிற இடம். சொல்லக் கூச்சப்படுவதால் இது இல்லாமல் போய்விடாது. நாடு முழுக்கத் திறந்தவெளி மலம் கழித்தல் ஒழிந்தது என்று 2019 அக்டோபர் 2-ல் அறிவித்தார்கள். கட்டிய கழிப்பறையில் தண்ணீர் இல்லாமல் விறகு அடுக்கி வைத்திருக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கரையில் கருவேலம் புதரை வெட்டி விளக்கைப் போட்டால் நடக்கிறவர்களுக்கு வசதிதான். அந்த விளக்கு வெளிச்சத்தில் எங்க அம்மாவும் அக்காவும் எங்கே போவார்கள்? முதலில் தண்ணீரோடு கழிப்பறை, பிறகு விளக்கு. இந்த வரிசை மாறினால் அழகுபடுத்தல் எங்கள் பெண்கள் மேல் நடத்துகிற வன்முறை. விளக்கும் கழிப்பறையும் சேர்ந்து வந்தால், அந்தப் பெண்களே சாயங்காலம் பயமில்லாமல் அந்தக் கரையில் நடப்பார்கள். நாம் கேட்பது அதைத்தான்.

இன்னொருவரும் அந்தப் பாதையில் நடக்கிறார். வாக்கிங் வருகிறவர்கள் செருப்பு மாட்டுமுன்னே எழுந்து வந்து கரையைக் கூட்டுகிற ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். தென்னாட்டு நகராட்சிகளில் அந்த விளக்குமாறு யார் கையில் திணிக்கப்பட்டிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலும் அருந்ததியர் சகோதரிகள். சுத்தமான கரையில் நடந்து நூறு வயசு வாழ ஆசைப்படுகிறவர்கள், அதைச் சுத்தம் செய்கிறவரின் ஆயுசைப் பற்றி ஒரு மனுவாவது கொடுத்தது உண்டா? நம் இயக்கங்களுக்கும் இதைச் சொல்கிறேன். பாதையில் நமக்கு நடக்க உரிமை கேட்கிறபோது, கூட்டுகிறவருக்கு நிரந்தர வேலையும் சேர்த்துக் கேட்கணும். பள்ளர், பறையர், சக்கிலியர் என்று நம்மை நாமே பிரித்துக்கொண்டு, அவரவர் தெருவுக்கு ஒரு கேட் கேட்டால், அதைத்தான் எதிரி எதிர்பார்க்கிறான்.

சரி, என்ன செய்யலாம்? புலம்பல் பத்திரிகை நடத்த நமக்கு நேரமில்லை. நகராட்சிகளிடம் நாம் வைக்கிற கோரிக்கைகள் இவை. ஒன்று, எந்தக் கண்மாய்க் கரையில் நடைபாதை வந்தாலும் சேரிப் பக்கத்தில் ஒரு வாசல், அதுவும் மற்ற வாசலுக்குச் சமமான படியும் விளக்கும் கொண்ட வாசல். இரண்டு, நுழைவுக் கட்டணம் கூடாது, பராமரிப்பைத் தனிச் சங்கத்திடம் ஒப்படைக்கக் கூடாது. மூன்று, ஆக்கிரமிப்பு அகற்றுவதென்றால் பெரிய கட்டடத்திலிருந்து தொடங்கணும். குடிசைக்காரர்களுக்கு அதே ஊரில், வேலைக்கு நடந்து போகிற தூரத்தில், பட்டாவோடு மாற்று வீடு கொடுத்த பிறகே கை வைக்கணும். நான்கு, கரைத் தெருக்களில் தண்ணீரோடு கழிப்பறை. அய்ந்து, கூட்டுகிறவர்களுக்கு நிரந்தர வேலை. ஆறு, கண்மாய் கண்மாயாக இருக்கணும். கரையைச் சிமெண்ட் தொட்டியாக்கி வரத்துக்காலை அடைத்துவிட்டு வெறும் பள்ளத்தைச் சுற்றி நடக்க யாருக்கும் அவசியமில்லை. தண்ணீர் நின்றால்தான் வயல் வேலை, வயல் வேலை இருந்தால்தான் நம் கூலி.

மாணவத் தோழர்களுக்குத் தனியாக ஒரு வேலை. 2005-ல் வந்த தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, உங்கள் ஊர்க் கண்மாயின் புல வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் வாங்குங்கள். கண்மாய் எத்தனை ஏக்கர், இப்போது எத்தனை, குறைந்த இடத்தில் யார் நிற்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். நடைபாதைக்கு மதிப்பீடு போட்டிருந்தால் அதன் நகலையும், வாசல் எந்தப் பக்கம் வரப்போகிறது என்ற வரைபடத்தையும் கேளுங்கள். கல் பதித்த பிறகு சண்டை போடுவதைவிட வரைபடத்திலேயே சண்டை போடுவது லேசு. கரையைக் காத்த நீர்க்கட்டிக் குடும்பத்துப் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த மடை, எந்தக் கலுங்கு, எந்த ஆண்டு கரை உடைந்து எத்தனை வீடு போனது என்று அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அது எந்த அலுவலகத்துப் பதிவேட்டிலும் கிடைக்காது.

பிறகு போய் நடங்கள். தனியாக இல்லை, அம்மா, அக்கா, அத்தை, தாத்தா, பேரப்பிள்ளை எல்லோரையும் கூட்டிக்கொண்டு நடங்கள். யாராவது "எந்தத் தெரு?" என்று கேட்டால், தெருப் பெயரைத் தலை நிமிர்ந்து சொல்லிவிட்டு, கூடவே 15-வது பிரிவையும் சொல்லுங்கள். தடுத்தால் தேதி, நேரம், இடம் குறித்து, சாட்சி வைத்து, 2015 திருத்தத்தின் கீழ் புகார் கொடுங்கள். நகலை நமக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுவோம்.

ஜெய் பீம்.